மஞ்சள் கயிறு தெரிந்த படம்

1. தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், கொழுந்து பறிக்கும் சரஸ்வதி என்ற பெண்ணை ஒருவர் படம் எடுத்தார்.
2. படத்திலிருந்த நிறத்தை நீக்கிவிட்டுக் கீழே ஒரு வரி எழுதினார்கள்.
3. வரியைப் படித்தவர்கள் மனம் இளகினார்கள். உதவி செய்ய முன்வந்தார்கள்.
4. படம் கைபேசி வழியாகத் தோட்டத்துக்கே திரும்பி வந்தது.
5. சரஸ்வதியின் மகள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள்.
6. படத்துக்கு நிறம் திரும்பியது. வரி மாறியது.
7. மகள் பள்ளிக்கூடம் போனாள். பிள்ளைக்காம்பராவுக்குக் கூரை வந்தது.

நடந்தது இவ்வளவுதான். அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இரண்டு பேர் போன கிழமை என்னிடம் கேட்டார்கள். "அக்கா, நன்கொடைக்குன்னு கதை எழுதி முடிச்சதும் ஏன் அதைத் தூக்கிக்கிட்டு லயத்துக்குப் போயி, பீலிக்கரையில நின்னு வாசிக்கிறீங்க? ஒரு கையெழுத்து வாங்கினா போதாதா?"

இந்த மாதக் கடைசியில் நான் இந்த வேலையை விட்டுக் கண்டிக்குப் போகிறேன். ஓய்வு பெறும் வயது எனக்கு இன்னும் வரவில்லை; நான் படித்த தொழில்நுட்பக் கல்லூரியிலேயே கற்பிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. கமரா, கடவுச்சொற்கள், படக்கோப்புகள் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன். இந்தக் கேள்விக்கான பதில்தான் மிச்சம். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும். ஆகவே எழுதுகிறேன்.

நான் கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். கல்லூரியில் படம் எடுக்கவும், வீடியோ வெட்டி ஒட்டவும், நிறம் திருத்தவும் கற்றேன். கொஞ்சக் காலம் நுவரெலியாவில் ஒரு ஸ்டூடியோவில் கலியாண அல்பம் செய்தேன். மணப்பெண்ணின் முகத்தை எவ்வளவு வெளிறச் செய்தாலும் போதாது என்று சொல்லும் வாடிக்கையாளர்களிடமிருந்து தப்பித்து, ஹட்டனில் இந்தத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். எங்கள் வேலை தோட்டங்களில் பிள்ளைக்காம்பராக்களைப் புதுப்பிப்பது. தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. பல இடங்களில் பழைய கட்டடம், பழைய தகரம்.

நிறுவனத்தின் பணிப்பாளர் ஞானசேகரம் சேர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவருடைய மேசை பஸ் ஸ்டாண்டைப் பார்த்த ஜன்னலோரம். கீழே நடத்துனர்கள் "நுவரெலியா, நுவரெலியா" என்று கத்திக்கொண்டிருக்க, மேலே சேர் கையில்லாத ஸ்வெட்டரோடு உட்கார்ந்து, பால் சேர்க்காத, ஆறிப்போன பிளேன்டீயைக் குடித்தபடி, நன்கொடை கேட்டு நாங்கள் தயாரிக்கும் பக்கங்களைப் பார்ப்பார். அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடி எழுத்தை மட்டும் படிப்பார். பிறகு எழுத்தை மூடிக்கொண்டு படத்தை மட்டும் பார்ப்பார். இரண்டும் தனித்தனியாக அவரைக் கலங்க வைத்தால்தான் பக்கம் வெளியே போகும்.

"ரெண்டு காலும் தனித்தனியா நிக்கணும், மகள்" என்பார்; என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "ஆளுங்க ஒரு நொடிதான் பாப்பாங்க."

அவரைக் கல்மனக்காரர் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருடைய தாயும் கொழுந்து பறித்தவர்தான். ஆண்டுக்கணக்கில் முறையான விண்ணப்பங்களை எழுதி எழுதி எதுவும் நடக்காமல் இருந்தவர், அழுகிற குழந்தையின் படமொன்றைத் தற்செயலாக அனுப்பி ஒரு பிள்ளைக்காம்பராவைக் கட்டி முடித்தார். அன்றிலிருந்து அவருக்கு அந்த வழிதான் தெரிந்தது. மழையில் நனையாமல் தூங்குகிற பிள்ளைகள் பல தோட்டங்களில் இருந்ததால், அவருடைய முறையைக் குறை சொல்வது யாருக்கும் எளிதாக இல்லை.

சரஸ்வதி அக்காவின் படம் நான் சேர்வதற்கு முன்பே வெளியாகியிருந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு விளம்பரக் குழு எடுத்தது. தொழிலாளர் குடியிருக்கும் நீண்ட வரிசைக் கட்டடமான லயத்தில், தன் அறை வாசலில், இடுப்பில் படங்கு கட்டி, தலையில் கூடைக் கயிற்றோடு அவர் நிற்கிறார். படங்கு என்பது தேயிலைச் செடி கீறாமலும் பனி நனைக்காமலும் இருக்க மலையில் சுற்றிக்கொள்வது. வீட்டு வாசலில் அதோடு நிற்கிறவர் யாரும் இல்லை. முதன்முதல் பார்த்தபோதே எனக்குச் சிரிப்பு வந்தது. படம் முழுவதும் சாம்பல் நிறம். கீழே இந்த வரி: "பிள்ளைகள் பசியாற, இந்தத் தாய் ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டுமே உண்கிறாள்."

வெளிநாட்டு உதவிக் குழு ஒன்று அந்த வரியைப் பார்த்து, அந்தத் தோட்டத்தின் மேல்டிவிசன் பிரிவிலுள்ள பிள்ளைக்காம்பராவுக்குக் கூரை போட்டுத் தருவதாகச் சொன்னது. முடிவு செய்யுமுன் நேரில் வந்து அந்தத் தாயைப் பார்க்க வேண்டும் என்றது. அவர்கள் வருவதற்கு முன் அவரைப் பற்றி ஒரு சின்ன வீடியோ எடுத்துவரச் சொல்லி சேர் என்னை அனுப்பினார்.

நான் போனபோது பெண்கள் மலையிலிருந்து திரும்பியிருந்தார்கள். லயத்தின் கடைசியில், மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டும் பீலியில் கூட்டம். சரஸ்வதி அக்கா குடத்தோடு வந்தார். பக்கத்து அறை மாரியாயி அக்கா உரக்கச் சொன்னார்:

"ஏய், தள்ளுங்கடி! ஒரு நேரஞ் சாப்புடுறவ தண்ணிக்கு வர்றா. குடத்தோட சேந்து சாஞ்சிறப் போறா!"

எல்லோரும் சிரித்தார்கள். சரஸ்வதி அக்கா குடத்தைப் பீலிக்குக் கீழே வைத்துவிட்டு என் கழுத்தில் தொங்கிய கமராவைப் பார்த்தார்.

"நீங்களுமா மிஸ்? இன்னும் என்னா எடுக்கணும்? சோறு இல்லாத சட்டியையா?"

கமராவைப் பைக்குள் வைத்தேன். குடம் நிறைந்ததும் அவர் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டார். பிறகு நடந்துகொண்டே சொன்னார்.

"சம்பளம் போட்டதும் டவுன்ல பலசரக்குக் கடை வச்சிருக்குற முஸ்லிம் நானாகிட்டப் போனேன் மிஸ். நானா நல்ல மனுசன், தப்பு சொல்லமாட்டேன். எப்பவும் எடுக்குற சாமான எடுத்துட்டு நிக்கிறேன், அரிசிப் பையி ஒண்ண தனியாக் கட்டி நீட்டுறாரு. 'சரசக்கா, இதுக்குக் காசு வேணாம். புள்ளைங்களோட நீங்களும் சாப்புடுங்க'ங்கிறாரு. கடை நெறைய ஆளு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அப்பறம் போனைக் காட்டுனாரு. நான்தான் நிக்கிறேன், செத்தவ மாதிரி."

"ஒரு நேரந்தான் சாப்பிடுறேன்னு நீங்க சொல்லலையா அக்கா?"

"சொன்னேன். பிஸ்கட்டு நீட்டுனாங்க. வேணாங்க, நான் ஒரு நேரந்தான் சாப்புடுறேன்னேன். காப்புக் கட்டியிருந்தேன்ல! அம்மன் திருவிழாவாச்சே."

நான் நின்றுவிட்டேன். திருவிழாக் காலத்தில் காப்புக் கட்டியவர் ஒரு நேரம் மட்டும் சாப்பிடுவார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருக்கும். அந்தக் கயிற்றைப் பார்த்த பிறகு ஏன் சாப்பிடவில்லை என்று தோட்டத்தில் யாரும் கேட்பதில்லை. கயிறே சொல்லிவிடும் என்று சரஸ்வதி அக்கா இருந்துவிட்டார். வந்தவர்கள் கயிற்றைப் பார்க்கவும் இல்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை.

"என்னா நேத்திக்கடன்னு கேளுங்க" என்று பின்னால் வந்த மாரியாயி அக்கா சொன்னார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை. "மக உயர்தரப் பரீட்ச பாஸாகணும்னு. இப்ப அந்த மகதான் பள்ளிக்கூடம் போகாம உள்ள குந்தியிருக்கா."

மகள் தர்ஷினி உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்பில் தங்கையை வைத்திருந்தாள். நான் எங்கிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கிளாஸ்ல சாப்பாட்டுப் பெட்டியத் தொறந்தா, 'அம்மாவோட பங்கையும் சேத்து சாப்புடுறியா'ன்னு கேக்குறாளுக. அந்தப் படம் இருக்க வரைக்கும் நான் போகமாட்டேன். பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"நான் எறக்கச் சொல்றேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அன்று மாலையே அலுவலகத்துக்குத் திரும்பி அந்த விளம்பரக் குழு தந்த மூலக் கோப்பைத் திறந்தேன். ஸ்டூடியோவில் நாள் முழுவதும் செய்த வேலைதான். கை தானாக ஓடியது. அவர்கள் செய்திருந்த மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். முதலில் பச்சை வந்தது. பின்னாலிருந்த நீலக் கதவு வந்தது. கதவு நிலையில் செருகியிருந்த வேப்பிலை வந்தது. கடைசியில் கூடைக் கயிற்றைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில் மஞ்சள். புத்தம் புதுக் கயிறு, நடுவில் மஞ்சள் துண்டு முடிச்சுப் போட்டது. அதைச் சாம்பலாக்கித்தான் அந்தப் பெண்ணைப் பட்டினிக்காரி ஆக்கியிருந்தார்கள்.

இரண்டு படங்களையும் அச்செடுத்துச் சேரின் மேசையில் வைத்தேன். அவர் வழக்கப்படி கையால் மூடிப் பார்த்தார். நிறமுள்ள படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"காப்பு" என்றார்.

"ஆமா சேர்."

"எங்கம்மாவும் கட்டுவாங்க." கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டரில் துடைத்தார். "ஆனா மகள், மஞ்சக் கயிறு வெளிநாட்டுக்காரனுக்கு வெளங்குமா?"

"நாம சொன்னா வெளங்கும் சேர்."

"அடுத்த கிழமை வர்றாங்க. பட்டினி கிடக்குற தாயப் பாக்கத்தான் வர்றாங்க. விரதம் இருக்குற தாயின்னா, 'அப்ப எங்க உதவி எதுக்கு'ன்னு கேப்பாங்க. கூரை போயிரும். மழைக்காலம் வருது. அங்க தூங்குற பிள்ளைகளுக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க?"

இந்தக் கேள்விக்கு நான் வரிசைப்படுத்திக் கொண்டுவந்த எந்தக் காரணமும் போதவில்லை. ஆகவே ஒன்றை மட்டும் சொன்னேன்.

"பதில் சொல்ல வேண்டியவங்க அங்க இருக்காங்க சேர். நாம போய்க் கேப்போம்."

அவர் கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். மறுநாள் என்னோடு ஆட்டோவில் ஏறினார். பல வருடங்களாக அவர் லயத்துக்குள் வந்ததில்லை. செங்குத்தான படிகளில் மூச்சு வாங்கி இரண்டு இடங்களில் நின்றார்.

பீலிக்கரையில் இருந்த கல்லொன்றில் அவரை உட்கார வைத்தார்கள். சரஸ்வதி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். சேர் சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, அந்த எழுத்து பிழை. அத எறக்கிடுவோம். ஆனா எறக்குனா கூரை வராமலும் போகலாம். உங்க எல்லாருடைய பிள்ளைகளும் அங்கதான் தூங்குது. அதனால எல்லாருக்கும் முன்னால சொல்றேன்."

பீலித் தண்ணீர் ஒரு வாளியில் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. சரஸ்வதி அக்கா மற்றவர்களைப் பார்த்தார். தனக்காகக் கூரையை விட்டுக்கொடுங்கள் என்று அவர்களிடம் கேட்கும் தைரியம் அவருக்கு வரவில்லை என்பது தெரிந்தது. மாரியாயி அக்காதான் வாளியை நகர்த்திவிட்டுத் திரும்பினார்.

"என்னாங்க சேர் இது! சரசு பட்டினி கிடந்தாத்தான் எம் புள்ளைக்கு ஓடு போடுவாங்களா? எங்க எல்லாத்தையும் படம் புடிங்க. நாங்க மூணு நேரமும் நல்லாத் திம்போம், அதையும் எழுதுங்க. கூரை ஒழுகுது, அதுதானே கேக்குறோம்? சோறா கேட்டோம்?"

சிரிப்பு வெடித்தது. சேரும் சிரித்தார். தேத்தண்ணி ஸ்வெட்டரில் சிந்தியது.

"அப்ப என்னா எழுதுறது, நீங்களே சொல்லுங்க" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு எழுத நேரம் போதவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். நான் ஒவ்வொரு வரியாக எழுதி அங்கேயே வாசித்துக் காட்டினேன். "ஏழைத் தாய்மார்" என்று தொடங்கினேன். "நாங்க கொழுந்தெடுக்குறவங்கன்னு போடுங்க" என்றார்கள். "கூரை முழுவதும் ஒழுகுகிறது" என்று வாசித்தேன். மாரியாயி அக்கா தடுத்தார். "முழுசும் இல்ல மிஸ், கெழக்கு மூலையும் நடுவுலயுந்தான். முழுசுன்னு போட்டா வந்து பாக்குறவங்க நம்மளப் பொய்க்காரின்னு நெனைக்க மாட்டாங்களா?" சரஸ்வதி அக்கா கடைசியாகத்தான் பேசினார்.

"மழை புடிச்சா மலையில கையி ஓடாது மிஸ். கண்ணு கொழுந்துல இருக்கும். நெனப்பு கீழ ஓடும். இந்நேரம் எந்தப் பக்கம் பாயை இழுத்துப் போட்டுருப்பாங்க, சின்னது எந்த மூலையில கெடக்கும்னு. அத எழுதுங்க. அது போதும்."

சேர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். மூடிப் பார்க்க அங்கே படமும் இல்லை, தாளும் இல்லை.

அதன் பிறகு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தர்ஷினியிடம் நிறம் திரும்பிய படத்தைக் காட்டினேன். அழித்துவிடச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தங்கையைக் கீழே இறக்கிவிட்டு, திரையில் அந்த மணிக்கட்டின் மேல் விரலை வைத்தாள்.

"அம்மா, இங்க வாங்க. கயிறு தெரியுது."

சரஸ்வதி அக்கா குனிந்து பார்த்தார். புடவைத் தலைப்பால் திரையிலிருந்த தூசியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கேன்" என்றார். "இந்தப் படங்கத்தான் கட்டாமப் போயிருக்கலாம். வாசல்ல நின்னுக்கிட்டுப் படங்கு! அவங்க கட்டச் சொன்னாங்க, நானும் கூத்துக்காரி மாதிரி கட்டிக்கிட்டேன். படம் இருக்கட்டும் மிஸ். எழுத்த மட்டும் எடுங்க."

"படத்துல இருக்குறது நீங்க. ஆனா பள்ளிக்கூடம் போறது தர்ஷினி. அவளும் சொல்லணும்."

தர்ஷினி மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். "எழுத்து நான் போடுறேன்" என்றாள். ஒரு முறை எழுதி அழித்தாள். இரண்டாவது முறை எழுதியது இது: "என் அம்மா சரஸ்வதி. நான் பரீட்சையில் தேற வேண்டி அம்மனுக்குக் காப்புக் கட்டி விரதம் இருந்தபோது எடுத்த படம். நான் தேறுவேன்."

கடைசி வாக்கியத்தைப் பார்த்து மாரியாயி அக்கா வாசலிலிருந்து கேட்டார்: "அம்புட்டு நிச்சயமாடி?"

"எழுதிட்டேன்ல. இனி தேறித்தானே ஆகணும்."

பழைய படத்தை எங்கள் பக்கங்களிலிருந்தும் அந்த விளம்பரக் குழுவின் பக்கத்திலிருந்தும் இறக்கினோம். நிறமுள்ள படத்தை தர்ஷினியின் வரியோடும், பீலிக்கரையில் எழுதிய பக்கத்தோடும் வெளியிட்டோம். உதவிக் குழுவுக்கு நடந்தது முழுவதையும் சேர் தன் பெயரிலேயே எழுதினார். "நாங்கள் உங்களுக்குத் தவறாகச் சொன்னோம்" என்ற முதல் வாக்கியத்தை நான் மென்மையாக்கப் பார்த்தேன், அவர் விடவில்லை. திங்கட்கிழமை காலை தர்ஷினி வெள்ளைச் சீருடையில் தலவாக்கலை பஸ்ஸுக்கு நின்றதாக மாரியாயி அக்கா தொலைபேசியில் சொன்னார். உதவிக் குழுவிடமிருந்து "சொன்ன நாளில் வருகிறோம்" என்று மட்டும் பதில் வந்தது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

வந்தார்கள். சரஸ்வதி அக்கா திருவிழாப் புடவையில் பிள்ளைக்காம்பராவின் வாசலில் நின்று அவர்களை உள்ளே அழைத்துப் போனார். கிழக்கு மூலையைக் காட்டினார். நடுவில் வாளி வைக்கும் இடத்தைக் காட்டினார். நான் மொழிபெயர்த்தேன். குழுவில் மூத்த பெண்மணி சுவரில் படிந்த தண்ணீர்த் தடத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு விரதத்தைப் பற்றிக் கேட்டார். சரஸ்வதி அக்கா சொன்னார். பிறகு திருப்பிக் கேட்டார்:

"அவங்க ஊர்ல புள்ளைக்குப் பரீட்சைன்னா தாயி என்னா பண்ணுவாங்கன்னு கேளுங்க மிஸ்."

அந்தப் பெண்மணி கொஞ்சம் வெட்கப்பட்டார். மகன் பரீட்சை எழுதி முடிக்கும்வரை தான் காப்பி குடிக்காமல் இருந்ததாகவும், வீட்டில் யாரிடமும் அதைச் சொன்னதில்லை என்றும் சொன்னார். மொழிபெயர்த்தேன்.

"காப்பியா?" என்றார் மாரியாயி அக்கா. "அது ஒரு விரதமா! சரி, மகன் பாஸா?"

பாஸ். பிள்ளைக்காம்பராவில் இருந்த அத்தனை பெண்களும் கைதட்டினார்கள். தூங்கிய குழந்தைகள் விழித்து அழுதன. புறப்படும் முன் அந்தப் பெண்மணி சேரிடம் சொன்னார்: பட்டினித் தாயைப் பார்க்க வந்திருந்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றிருப்பேன், இன்று பேசிவிட்டுப் போகிறேன். வாகனத்தில் ஏறுமுன்பே கூரைக்கு ஒப்புக்கொண்டார்கள். சேர் என் பக்கம் திரும்பாமல், "வெளங்கிருச்சு, மகள்" என்றார்.

புதியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. பழைய படத்தைப் பார்த்து உதவியவர்களில் சிலர் புதியதைப் பார்த்து விலகினார்கள். ஏமாற்றப்பட்டோம் என்று ஒருவர் எழுதினார். அவர் சொன்னது நியாயம் என்பதால் சேர் அவருக்கும் பதில் எழுதினார். விலகியவர்களின் இடம் நிரம்பக் காலம் பிடித்தது. நிரம்பியது.

பீலிக்கரையில் ஏன் வாசிக்கிறோம் என்பதற்குப் பதில் இதுதான். லயத்து அறைகளுக்கு இடையிலுள்ள சுவர் கூரைவரை எட்டுவதில்லை. ஒரு அறையில் பேசுவது அடுத்த அறைக்குக் கேட்கும். ஒருவரைப் பற்றி எழுதினால் அந்த வரிசை முழுவதும் அதோடு வாழ வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் நம்மை எதிர்த்துப் பேசக் கூச்சப்படுவார். மாரியாயி அக்கா கூச்சப்பட மாட்டார். ஆகவே வாசிக்கும்போது கையெழுத்துப் போட்டவரை மட்டும் பார்க்க வேண்டாம். யார் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று பாருங்கள். பிழை அந்த இடத்தில் இருக்கும்.

இன்றைய நிலை: மேல்டிவிசன் பிள்ளைக்காம்பராவின் கூரை ஒழுகுவதில்லை. அங்கே இன்னொரு பராமரிப்பாளர் வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை. அதற்கான பக்கம் எழுதப்பட்டுவிட்டது, இனி வாசிக்க வேண்டும். ஞானசேகரம் சேர் இப்போதும் பக்கங்களைக் கையால் மூடிப் பார்க்கிறார், பிறகு, "அங்க வாசிச்சாச்சா?" என்று கேட்கிறார். நிறமுள்ள படம் சட்டம் போட்டு சரஸ்வதி அக்காவின் அறையில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. தர்ஷினி தேறினாள். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கிறாள்.